ஊர்ச் சத்திரத்தைக் காக்க: பணம் எங்கே, மாணவர்கள் எங்கே?

இடியும் நிலையில் உள்ள பழைய சத்திரத்துக்காக வசூல் நோட்டு அச்சடிப்பதற்கு முன், கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள நில விவரப் பதிவேடான 'அ' பதிவேட்டைப் பார்த்துவிடுங்கள். இடம் யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே பணம் வரும் வழியும் அமையும். பல ஊர்களில் நல்ல முயற்சிகள் தடுமாறுவது இந்த முதல் படியில்தான்.

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்றால், 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அதில் நாம் கை வைக்கக் கூடாது. அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்கும் தடை உண்டு. உதவ விரும்புவோர் 1996இல் தொடங்கப்பட்ட தேசியப் பண்பாட்டு நிதியத்துக்கு நன்கொடை தரலாம்; எந்தச் சின்னத்துக்கு என்று குறிப்பிட்டும் தரலாம், வரிச் சலுகையும் கிடைக்கும். மாநிலத் தொல்லியல் துறையின் சின்னங்களுக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். அறநிலையத் துறைக் கோயிலில் உபயதாரராகத் திருப்பணி செய்யவும் துறையின் அனுமதியும் வல்லுநர் குழுவின் ஒப்புதலும் வேண்டும்.

சத்திரம், படித்துறை, பழைய பள்ளிக் கட்டடம் போன்றவை பெரும்பாலும் இந்த மூன்று பாதுகாப்பிலும் அடங்குவதில்லை. அவை ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ சொந்தமானால் அரசின் 'நமக்கு நாமே' திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். அதில் மக்களும் ஒரு பங்கு போட வேண்டும்.

பெரிய வாய்ப்பு, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி (சி.எஸ்.ஆர்.). 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைப் பொதுப்பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அதன் ஏழாம் அட்டவணையில் வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களைச் சீரமைப்பதும் இடம்பெற்றிருக்கிறது. தான் இயங்கும் வட்டாரத்துக்கே நிறுவனம் முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்வதால், சென்னைத் தலைமையகத்தைத் தேடிப் போவதைவிட உங்கள் ஊர்ப் பக்கத்து ஆலையை அணுகுவதே மேல்.

ஆனால் பணத்தைப் பெற்று வேலை செய்யும் அறக்கட்டளைக்கு 12ஏ (அறக்கட்டளைக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச் சலுகை) எனப்படும் வருமானவரிப் பதிவுகள், நிறுவன விவகார அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர்.-1 பதிவு, இதே வகைப் பணியில் மூன்றாண்டு அனுபவம் ஆகியவை தேவை. நேற்று தொடங்கிய ஊர்க் குழுவிடம் இவை இருக்காது. தகுதியுள்ள பழைய அறக்கட்டளையோடு சேர்ந்துகொள்வது சரியான வழி. நிறுவனங்கள் ஆண்டுத் திட்டம் வகுப்பதால் ஏப்ரலுக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேரட்டும்.

அந்த விண்ணப்பத்துக்கு உயிர் கொடுப்பவர்கள் மாணவர்கள். அளவெடுத்த வரைபடமும் புகைப்படமும் விரிசல் குறிப்புகளும் இல்லாமல் எந்தப் பொறியாளரும் நம்பகமான மதிப்பீடு போட முடியாது. பி.ஆர்க். எனும் கட்டடக் கலைப் படிப்பில் பழைய கட்டடங்களை அளந்து வரைவது பயிற்சியாகவே நடக்கிறது. ஒரு பருவம் முழுவதும் செயல்முறைப் பயிற்சியும் உண்டு. அதைப் பதிவு பெற்ற கட்டடக் கலைஞரின் கீழ்தான் செய்ய வேண்டும் என்பதால், முதலில் அப்படி ஒருவரைக் குழுவில் சேருங்கள். வரலாற்றுத் துறை மாணவர்கள் கல்வெட்டு இருந்தால் ஆசிரியர் துணையோடு மைப்படி (எழுத்துகளைத் தாளில் மை ஒற்றி எடுக்கும் படி) எடுக்கலாம். பெரியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்யலாம்.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரச் சேவையும் ஏழு நாள் முகாமும் உண்டு. புதர் வெட்டவும் குப்பை அகற்றவும் அவர்களை அழையுங்கள். சுவரில் வேரோடிய அரசமரத்தைப் பிடுங்கவோ, சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசவோ அவர்களை விடாதீர்கள். வேரை இழுத்தால் கல்லும் சேர்ந்து வரும். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துச் சுவரை அரித்துவிடும். அந்த வேலைகள் சுண்ணாம்புச் சாந்து தெரிந்த கொத்தனாருக்கு உரியவை.

கல்லூரி முதல்வருக்கு எழுதும் கடிதத்தில் எத்தனை பேர், எத்தனை நாள், என்ன வேலை, யார் மேற்பார்வை, சான்றிதழ் யார் தருவார் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பஸ் கட்டணத்தையும் மதியச் சாப்பாட்டையும் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். பிள்ளைகள் கைக்காசு போட்டு வர வேண்டியதில்லை.