ரிலீவர்: ‘நிவாரண வீரர்’ என்று எழுதலாமா?

‘இளம் பந்துவீச்சாளர் நிவாரணத்துக்கு மாற்றப்பட்டார்.’

பேஸ்பால் பற்றிய ஒரு தமிழாக்கத்தில் இந்த வரியைப் படித்தேன். இந்தச் சொல்லாட்சி என் கண்ணில் படுவது இது மூன்றாவது முறை. முதல் முறை, அவசரத்தில் எழுதியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் முறை வருத்தமாக இருந்தது. இந்த முறை, பேஸ்பால் பார்த்தே இராத நண்பர் ஒருவரிடம் அந்த வரியைப் படிக்கக் கொடுத்தேன். ‘அந்தப் பையனுக்கு அடிபட்டுவிட்டதா? இழப்பீடு ஏதாவது கொடுத்தார்களா?’ என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. தமிழ் தெரிந்த எவரும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆட்டத்தைத் தொடங்கிவைப்பவராக வளர்த்துவந்தவரை, இனி ஆட்டத்தின் நடுவே வந்து எறிபவராக, ஆங்கிலத்தில் சொன்னால் ‘ரிலீவர்’ ஆக, ஆக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மூலச் சொல் ரிலீப். லத்தீன் ‘ரெலெவாரே’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மேலே தூக்குவது, பாரத்தை இலேசாக்குவது என்று பொருள். அந்த வேரிலிருந்து கிளைகள் பல பிரிந்தன. துன்பம் இலேசாவது ஒரு கிளை. காவல் நிற்பவரை அனுப்பிவிட்டு அந்த இடத்தில் இன்னொருவர் நிற்பது இன்னொரு கிளை. கல்லின் பரப்பிலிருந்து உருவம் மேலெழுந்து நிற்கும் சிற்பம் மூன்றாவது. பேஸ்பாலுக்கு வந்தது அந்தக் காவல் மாற்றுகிற பொருள்.

மூன்றாவது கிளையைக் கவனியுங்கள். அந்தச் சிற்பத்தைத் தமிழில் புடைப்புச் சிற்பம் என்கிறோம். யாரும் ‘நிவாரணச் சிற்பம்’ என்று எழுதியதில்லை. ஏன்? அந்தச் சொல்லை ஆக்கியவர் கல்லைப் பார்த்தார். உருவம் புடைத்து நிற்பது தெரிந்தது, அதையே பெயராக வைத்தார். பேஸ்பாலுக்குச் சொல் தேடியவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அகராதியைத் திறந்து முதலில் இருந்த பொருளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நிவாரணம் வடசொல் என்பதற்காக நான் அதை ஒதுக்கவில்லை. விலக்குவது, தடுப்பது என்பது அதன் மூலப்பொருள். தமிழில் அது துயர் நீக்கும் உதவி என்ற ஒரே தடத்தில் நன்றாக வேரூன்றிவிட்டது. நிவாரண நிதி, நிவாரண முகாம், வெள்ள நிவாரணம், வலி நிவாரணி. இவ்வளவு தெளிவாக ஒரு வேலை செய்கிற சொல்லை இழுத்துவந்து மைதானத்தில் நிறுத்தினால், அது தன் பழைய வேலையைத்தான் செய்யும். படிப்பவர் மனத்தில் முதலில் ஒரு விபத்து வரும், ஆட்டம் வராது.

இதற்கு ஒரு பதில் சொல்கிறார்கள். ரிலீவர் என்பவர் இக்கட்டில் கைகொடுப்பவர்தானே, ஒரு வெற்றியைக் காப்பாற்றினால் அவர் கணக்கில் ‘சேவ்’ என்றுதானே எழுதுகிறார்கள், அப்படியானால் நிவாரணம் பொருந்துமே என்பார்கள். நூறு வருடங்களுக்கு முன்னால் இது ஓரளவு உண்மை. அன்று தொடங்கியவரே முடித்துவைப்பார். அந்தக் காலத்தின் புகழ்பெற்ற பந்துவீச்சாளர் சை யங் தொடங்கி, தானே முடித்த ஆட்டங்கள் மட்டும் 749. அவர் காலத்தில் நடுவே இன்னொருவர் வந்தால், தொடங்கியவர் தடுமாறிவிட்டார் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். இன்று அப்படியில்லை. ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் தொடங்குபவர் ஐந்தாறு எறிவார், மிச்சத்தை மூன்று நான்கு பேர் பகிர்ந்துகொள்வார்கள் என்பது ஆட்டம் தொடங்குமுன்பே போட்ட கணக்கு. நன்றாக எறிந்துகொண்டிருப்பவரையும் மாற்றுகிறார்கள். ‘சேவ்’ 1969இல்தான் அதிகாரபூர்வக் கணக்கில் சேர்ந்தது. அதுவும் ரிலீவர் செய்யும் பல வேலைகளில் ஒன்றை மட்டுமே எண்ணுகிறது. அணி ஏழு ஓட்டம் பின்தங்கியிருக்கும்போது வந்து, தோல்வி நிச்சயமான ஆட்டத்தில் இரண்டு இன்னிங்ஸ் எறிந்துவிட்டுப் போகிறவரும் ரிலீவர்தான். அவர் யாரைக் காப்பாற்றினார்? எதற்கு நிவாரணம் கொடுத்தார்?

சரி, வேறு என்ன சொற்கள் புழங்குகின்றன?

‘மாற்றுப் பந்துவீச்சாளர்’ என்று சிலர் எழுதுகிறார்கள். நிவாரணத்துக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் நம் விளையாட்டுச் செய்திகளில் ‘மாற்று வீரர்’ என்பது காயமடைந்தவருக்குப் பதிலாக அணியில் சேர்க்கப்படுபவர் என்று உறுதியாகிவிட்டது. ‘மாற்று வீச்சாளராக ஆக்கப்பட்டார்’ என்றால் யாருக்குப் பதிலாக என்ற கேள்வி எழும். ‘துணைப் பந்துவீச்சாளர்’ இன்னும் மோசம். இருவர் சேர்ந்து எறிவது போலவும், ஒருவர் மற்றவருக்குக் கீழே வேலை பார்ப்பது போலவும் இருக்கிறது.

‘விடுவிப்பு வீச்சாளர்’ என்ற ஆக்கத்தை நான் கொஞ்ச காலம் விரும்பினேன். ஓர் அலுவலர் வந்து பொறுப்பேற்றதும் முன்பிருந்தவரை விடுவிப்பது நமக்குப் பழக்கமான நடைமுறை. மூலத்தின் காவல் மாற்றும் பொருளுக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு சொல் இல்லை. ஆனால் அணி ஒருவரை வேண்டாம் என்று அனுப்பிவிடுவதையும் ‘விடுவித்தது’ என்றே எழுதுகிறோம். பேஸ்பாலிலும் அது அன்றாட நிகழ்வு. ‘இளைஞரை விடுவிப்புக்கு மாற்றினார்கள்’ என்று எழுதினால் வேலையே போய்விட்டதாகப் படிப்பார்கள். மனமில்லாமல்தான் அதைக் கைவிட்டேன். பாரம் சுமப்பவர்கள் தோள் மாற்றிக்கொள்வதை நினைத்து ‘தோள்மாற்று’ என்றும் யோசித்துப் பார்த்தேன். பாரத்தை இலேசாக்குவது என்ற வேர்ப்பொருள் அப்படியே அதில் வந்துவிடுகிறது. ஆனால் பேஸ்பாலில் எறிபவரின் தோள் அடிக்கடி மருத்துவச் செய்தியாகும் உறுப்பு. ‘தோள்மாற்று’ என்றால் அறுவை சிகிச்சை என்றே படிப்பார்கள்.

அகராதியை மூடிவிட்டு ஆட்டத்தையே பார்ப்போம். ஆறாவது இன்னிங்ஸ். எறிபவர் தொண்ணூறு பந்துகளைத் தாண்டிவிட்டார். மேலாளர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்து எறிமேட்டை நோக்கி நடக்கிறார். ஓடுவதில்லை, நடக்கிறார். போகிற வழியிலேயே தன் வலக்கையையோ இடக்கையையோ தொட்டுக் காட்டுவார். எந்தக் கைக்காரர் வேண்டும் என்று சொல்லும் சைகை அது. மேட்டில் நின்று உள்ளங்கையை நீட்டுகிறார். எறிந்துகொண்டிருந்தவர் பந்தை அதில் வைத்துவிட்டு இறங்குகிறார். தூரத்தில் ஒரு கதவு திறக்கிறது, இன்னொருவர் மெல்ல ஓடி வந்து அதே பந்தை வாங்கிக்கொள்கிறார். கிரிக்கெட்டில் ஓவர் முடிந்து ஒதுங்கியவர் அப்புறம் மறுபடி வந்து வீசலாம். இங்கே ஆட்டத்தைவிட்டு வெளியே போனவர் அன்றைக்கு மறுபடி உள்ளே வர முடியாது. அதனால்தான் ‘நடுவில் வருபவர்’ என்பது தனி வேலையாக, தனி ஆளாக ஆகிவிட்டது.

அந்தக் காட்சியில் என்ன நடக்கிறதோ அதையே பெயராக வைத்தால் போதும். இடையில் வருகிறார். ஆகவே, இடைவரு எறிவாளர். குடிநீர், சுடுநீர் போல இதுவும் வினைத்தொகைதான், தமிழ் நாக்குக்குப் புதிதில்லை. அந்தப் பணிக்கு இடைவரவு என்று பெயர். தொடங்குபவர் தொடக்க எறிவாளர். கடைசி இன்னிங்ஸை முடித்துவைப்பவர் முடிப்பு எறிவாளர். தொடக்கம், இடைவரவு, முடிப்பு என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒன்றையொன்று விளக்கிக்கொள்கின்றன. ‘எறிவாளர்’ ஏன் என்றால், கிரிக்கெட்டில் மடித்த முழங்கையை நிமிர்த்தி எறிவது தவறு, பேஸ்பாலில் அதுதான் ஆட்டமே. இரண்டுக்கும் ‘பந்துவீச்சாளர்’ என்றே எழுதினால் அந்த வேறுபாடு மறைந்துவிடும்.

இப்போது அந்த இளைஞருக்கு வருகிறேன். இன்னொரு பிழையும் அங்கேதான் நடக்கிறது. தொடக்கத்திலிருந்து இடைவரவுக்கு மாற்றுவதைப் ‘பதவியிறக்கம்’ என்றே சிலர் மொழிபெயர்த்துவிடுகிறார்கள். மூலத்தில் அப்படி ஒரு சொல் இருக்காது, இவர்களே போட்டுக்கொள்வது. தொடக்க எறிவாளருக்கு மதிப்பும் வருமானமும் கூடுதல் என்பது உண்மை. ஆனால் மாற்றத்துக்குக் காரணங்கள் வேறு வேறு. தொடங்குபவர் ஒரே மட்டையாளரை இரண்டு மூன்று முறை சந்திக்க வேண்டும். மூன்றாம் முறை வருபவர் இவர் கையை நன்றாகப் பார்த்துப் பழகியிருப்பார். ஆகவே குறைந்தது மூன்று வகைப் பந்துகளாவது கைவசம் வேண்டும். இரண்டு மட்டுமே நன்றாக வருகிற இளைஞர் இடைவரவில் மின்னலாம். ஒரே இன்னிங்ஸ்தான் என்றால் வலுவைச் சேமிக்க வேண்டியதில்லை, பந்தின் வேகமும் கூடும். சிலருக்குக் கை தாங்காது. சிலரை அந்த வருடம் அதிகம் எறியவிடக்கூடாது என்பதற்காக மட்டுமே மாற்றுவார்கள்.

நியூயார்க் யாங்கீஸின் மரியானோ ரிவேரா 1995இல் தொடக்க எறிவாளராகத்தான் வந்தார். பத்து ஆட்டங்களைத் தொடங்கினார், பெரிதாகச் சோபிக்கவில்லை. 1996இல் இடைவரவு, 1997இலிருந்து முடிப்பு. 652 சேவ்களோடு ஓய்வுபெற்றார். 2019இல், வாக்களித்த அத்தனை பேரும் பெயரெழுத, புகழ்மன்றத்தில் சேர்ந்தார். அப்படி ஒருமனதாகத் தேர்வான முதல் வீரர் அவர்தான். ஆண்ட்ரூ மில்லரை, அணிகள் புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் 2006 தேர்வில் ஆறாவது ஆளாகவே எடுத்தார்கள். தொடக்க எறிவாளராக வருடக்கணக்கில் தடுமாறினார். 2012இல் பாஸ்டனில் முழு இடைவரவுக்கு மாறிய பிறகு ஆளே வேறு. 2016இல் அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர் அவர். இவற்றைப் பதவியிறக்கம் என்று எப்படி எழுதுவது?

எதிர்த்திசையிலும் நடக்கிறது. ஆடம் வெயின்ரைட் 2006இல் கார்டினல்ஸ் அணிக்காக முடிப்பு எறிவாளராக வந்து உலகத் தொடரின் கடைசி மட்டையாளரை வெளியேற்றியவர். அடுத்த வருடமே தொடக்க எறிவாளர். கிறிஸ் சேல் 2010இல் இடைவரவில் அறிமுகமாகி 2012இல் தொடக்கத்துக்கு வந்தார். ‘நிவாரணத்திலிருந்து மீண்டு வந்தார்’ என்று இவர்களைப் பற்றி எழுதிவிடப்போகிறார்களே என்று எனக்குப் பயமாகவே இருக்கிறது.

புல்பென்னைக் ‘காளைத் தொழுவம்’ என்று எழுதியதையும் பார்த்தேன். இடைவரு எறிவாளர்கள் உடலைச் சூடேற்றிக்கொள்ளும் இடம் அது. ‘தயார்க்களம்’ என்றால் போதும். ஆட்களைக் குறிக்கும்போது ‘இடைவரவு அணி’. வளர்ந்துவரும் வீரரை, ஆங்கிலத்தில் ‘பிராஸ்பெக்ட்’ எனப்படுபவரை, ‘வாய்ப்பு’ என்றும் ‘நம்பிக்கை நட்சத்திரம்’ என்றும் எழுதுகிறார்கள். முதலாவது ஆளையே குறிக்கவில்லை, இரண்டாவது இன்னும் எதுவும் சாதிக்காத பையன் தலையில் ஏற்றும் பாரம். வளர்ந்துவரும் எறிவாளர் என்றாலே எல்லாம் வந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பவர்கள் ஒரே ஓர் ஆட்டத்தை முழுக்கப் பார்த்துவிட்டு எழுதட்டும் என்பதுதான் என் கோரிக்கை. மூன்று மணி நேரம்கூட ஆகாது.

என் சொல்லுக்கும் ஓர் இடறல் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. 2018 மே மாதம் டாம்பா பே ரேஸ் அணி, வழக்கமாகக் கடைசியில் வரும் செர்ஜியோ ரோமோவை முதல் இன்னிங்ஸில் எறியவைத்தது. அந்த ஒரு இன்னிங்ஸோடு அவர் இறங்கிவிட, நெடுநேரம் எறிபவர் இரண்டாவதாக வந்தார். ‘ஓப்பனர்’ என்று அதற்குப் பெயர் வந்தது. இடையில் வராத இடைவரு எறிவாளரை என்ன சொல்வது? ‘முதல் இன்னிங்ஸ் எறிவாளர்’ என்று இப்போதைக்கு எழுதுகிறேன். நீளம்தான், ஆனால் யாரும் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள்.

அந்த வரியைத் திருத்தி அதே நண்பரிடம் மறுபடி கொடுத்தேன்: ‘தொடக்க எறிவாளராக வளர்ந்துவந்த இளைஞரை இந்த ஆண்டு இடைவரவுக்கு மாற்றியிருக்கிறார்கள்.’ படித்துவிட்டு, ‘அப்படியானால் எந்த இன்னிங்ஸில் வருவார்?’ என்று கேட்டார்.