பாட்டி ஊருக்குப் போய்விட்டால் பிள்ளை நாலு மணிக்கு எங்கே போகும்?

பள்ளி திறந்து சில வாரம் ஆனதும், வயிற்று வலி என்று பிள்ளைகளை என்னிடம் அழைத்து வரும் பெற்றோர் கூடிவிடுவார்கள். பல பிள்ளைகளுக்கு மலச்சிக்கல், பூச்சி, காலையில் சாப்பிடாமல் ஓடுவது என்று காரணம் தெரிந்துவிடும். சில பிள்ளைகளுக்கு எந்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை வலிக்காது, காலையிலும் வலிக்காது, கடைசி மணி அடிக்கிற நேரத்தில்தான் வலி தொடங்கும். அவர்களின் பெற்றோரிடம் நான் கேட்பது, "ஸ்கூல் விட்டதும் பிள்ளை யார்கிட்ட இருக்கு?" என்பதுதான். பெரும்பாலும் ஏதோ ஒரு ஏற்பாடு அண்மையில் கைவிட்டுப் போயிருக்கும். சின்ன மருமகளின் பிரசவத்துக்குப் பாட்டி கிளம்பியிருப்பார், ட்யூஷன் அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும், பக்கத்து வீட்டு அத்தை வீடு மாறிப் போயிருப்பார்.

பிள்ளை நடிக்கவில்லை. மனக்கலக்கம் குடலில் உண்மையாகவே வலிக்கும். ஆனால் இரவில் தூக்கத்தை விட்டு எழுப்புகிற வலி, எடை குறைவது, தொடர் வாந்தி, மலத்தில் ரத்தம், காய்ச்சல் இருந்தால் அதை மனக்கலக்கம் என்று தள்ளிவிடாதீர்கள், உடனே காட்டுங்கள்.

ஏற்பாடு முறிந்த அந்த முதல் வாரத்தில் எடுக்கும் முடிவுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். நாளைக்கு நாலு மணிக்கு யாராவது வேண்டும் என்ற அவசரத்தில், நிதானமாக இருந்தால் ஒத்துக்கொள்ளாத இடத்துக்கும் சரி என்று சொல்லிவிடுகிறோம். முடிந்தால் அந்த ஒரு வாரத்தை எப்படியாவது சமாளியுங்கள். அப்பா இரண்டு நாள் விடுப்பு, அம்மா இரண்டு நாள் ஷிப்ட் மாற்றம், மீதிக்கு ஒரு சித்தியோ பெரியம்மாவோ. அந்த இடைவெளியில் நல்ல இடம் தேடலாம். அம்மா மட்டும்தான் விடுப்பு எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

சேலத்தில் ஏற்பாடு இல்லாத பிள்ளை பெரும்பாலும் வந்து சேரும் இடம் பெற்றோரின் வேலையிடம்தான். அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை என்றால் தறி. செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் என்றால் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. பிள்ளை கண்ணெதிரே இருக்கிறது என்ற நிம்மதி எனக்குப் புரிகிறது. ஆனால் பட்டறையில் பற்றவைக்கும் நெருப்பு தரைமட்டத்தில் எரிகிறது. வெள்ளியைக் கழுவும் ஆசிட், பிள்ளைகள் தண்ணீர் குடிக்கும் அதே மாதிரி பாட்டிலில் நிற்கிறது. தாகத்தோடு வரும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு வாய் உள்ளே போனாலே உணவுக்குழாய் வெந்து, பின்னால் சுருங்கிப் போகும். மாதக்கணக்கில் சிகிச்சை, சிலருக்கு அறுவை சிகிச்சை வரை போகும்.

தயவுசெய்து ஆசிடைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளை குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மேலே வரும்போது அது இன்னொரு முறை சுடும். வாயைக் கொப்பளிக்க வைத்து, அந்த பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்கோ, பக்கத்தில் அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கோ ஓடுங்கள். தோலில் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவுங்கள். மஞ்சள், பேஸ்ட் எதுவும் பூச வேண்டாம். விசைத்தறிக் கூடத்தில் பாவாடையும் பின்னலும் பெல்ட்டில் சிக்கும், அந்தச் சத்தத்தில் பிள்ளை கத்தினாலும் கேட்காது. வேறு வழியே இல்லாமல் கூட்டி வந்தால், பட்டறைக்கு வெளியே கதவு உள்ள தனி அறை ஒன்றாவது வேண்டும்.

சட்டத்தில் இதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டமும், 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டமும் வேலையிடத்தில் குழந்தைக் காப்பகம் கேட்டன. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தில் வந்த திருத்தம், 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. ஆனால் அந்தப் பழைய இரண்டு சட்டங்களும் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத்தான் மனதில் வைத்தன. அங்கன்வாடியும் ஆறு வயது வரைதான். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததும் பிள்ளை இந்த வட்டத்தை விட்டு வெளியே வந்துவிடுகிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு சாயங்காலம் ஆள் வேண்டாம் என்று யார் முடிவு செய்தார்களோ! இதைப் பெற்றோர் தங்கள் குறையாக நினைத்து வெட்கப்படுகிறார்கள். அது ஊரும் அரசும் சேர்ந்து நிரப்ப வேண்டிய பள்ளம். 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி மாதிரியான மாலை நேர மையம் உங்கள் தெருப்பக்கம் நடக்கிறதா என்று பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். அது படிப்புக்கான இடம், அதுவும் ஒன்றரை மணி நேரம் போல. அதற்கு முன்னும் பின்னும் ஆள் தேவை.

இடம் பார்க்கப் போகிறவர்கள் காலையில் போகாதீர்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு, சொல்லாமல் போங்கள். எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பெரியவர்கள், சம்ப் மூடி பூட்டியிருக்கிறதா, மொட்டை மாடிக் கதவு திறந்து கிடக்கிறதா, கழிவறையில் பிள்ளை உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியிலிருந்து திறக்க முடியுமா என்று பாருங்கள். அந்த வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள், யார் வந்து போகிறார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தின் வழக்குகள் பற்றிய தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கைகளில், பாலியல் வன்முறை செய்தவர் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் குழந்தைக்குத் தெரிந்தவர்தான். "நம்ம ஆளுங்கதானே" என்பது பாதுகாப்பு ஆகாது. அங்கே போகத் தொடங்கிய இரண்டாம் வாரமே "நான் அங்க போகல" என்று பிள்ளை அடம்பிடித்தால், திட்டுவதற்கு முன் உட்கார வைத்துக் கேளுங்கள். சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம். இரவு பகல் எந்த நேரமும், கட்டணம் இல்லை.

புதிய ஆளைப் பற்றி வேன்காரருக்கும் வகுப்பு ஆசிரியருக்கும் எழுத்தில் கொடுங்கள், போனில் சொன்னது மறந்துபோகும். வீசிங் உள்ள பிள்ளை என்றால் இன்ஹேலரைப் பையில் வைத்தால் மட்டும் போதாது. அதை எப்படி அடிப்பது என்று அந்த அக்காவுக்கு நீங்களே செய்து காட்டி, அவரையும் ஒருமுறை செய்ய வைக்க வேண்டும்.

ஏற்காட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்கிறேன். காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் எஸ்டேட் வேலை முடிந்து நீங்கள் வீடு வருவதற்குள் இருட்டிவிடும், பனிமூட்டமும் இறங்கிவிடும். நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் பிள்ளைகள் ரோட்டோரமாகவே நடந்து வருகிறார்கள். வளைவில் வரும் வண்டிக்கு அவர்கள் தெரிவதில்லை. அந்த மாதங்களுக்கு மட்டுமாவது நாலைந்து குடும்பம் சேர்ந்து, பறிப்புக்குப் போகாத ஒரு பெரியவருக்கு மாதம் ஒரு தொகை கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளி வாசலிலிருந்து கூட்டி வந்து நீங்கள் வரும்வரை வைத்திருக்கச் சொல்லலாம். கையில் ஒரு டார்ச், மேலே வெள்ளையோ மஞ்சளோ சட்டை. பேச்சை இப்போதே தொடங்குங்கள், பறிப்பு ஆரம்பித்துவிட்டால் யாருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்காது.