டைம் கேப்ஸ்யூல்னா கால மாத்திரை இல்லைங்க, காலப்பேழை

"கால மாத்திரை"ங்கற சொல்லை இன்னும் எத்தனை தடவைதான் படிக்கறது? டிசைன், கலை பத்தின மொழிபெயர்ப்புகள்ல டைம் கேப்ஸ்யூல்னு வந்தாலே கண்ண மூடிட்டு இதப் போட்டுடறாங்க. இன்னிக்கு நாம வாழற வாழ்க்கையில இருந்து பொருள், படம், எழுத்து, ஒலின்னு தேர்ந்தெடுத்து, கெட்டுப்போகாதபடி மூடி, பின்னாடி வர்றவங்களுக்குன்னு வைக்கறதுதான் டைம் கேப்ஸ்யூல். இதுல மாத்திரை எங்கேருந்து வந்துச்சு?

லத்தீன்ல காப்ஸான்னா பெட்டி, காப்ஸுலான்னா சின்னப் பெட்டி, மருந்து அடைக்கற கூடும் அந்த வழியில வந்ததுதான். டைம் கேப்ஸ்யூல்ங்கற பேரு, 1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக வெஸ்டிங்ஹவுஸ்ங்கற அமெரிக்க மின்சாதனக் கம்பெனி செஞ்சு புதைச்ச பேழைக்கு, அங்க வேலை பாத்த பென்ட்ரேங்கறவர் வச்சது.

மாத்திரைக்குத் தமிழ்ல ஏற்கனவே காலத்தோட சம்பந்தம் இருக்கு, அதனாலதான் எனக்கு இவ்வளவு கோபம். கண்ணிமைக்கற நேரம், கைநொடிக்கற நேரம்தான் ஒரு மாத்திரைன்னு நன்னூல் சொல்லுது. குறிலுக்கு ஒண்ணு, நெடிலுக்கு ரெண்டு, மெய்க்கு அரைன்னு ஸ்கூல்லயே படிச்சிருக்கோம். அந்த வெஸ்டிங்ஹவுஸ் பேழையை 1938ல 50 அடி ஆழத்துல இறக்கினாங்க, திறக்க வேண்டிய வருஷம் 6939. அஞ்சாயிரம் வருஷம் தாங்கணும்னு செஞ்ச ஒண்ணுக்கு கண்ணிமைப்போட பேரை வைக்கறது எவ்வளவு பெரிய பொருள் மாறாட்டம்!

இதை விட்டா அடுத்து "காலப்பெட்டகம்". நல்ல தமிழ்தான், ஒத்துக்கறேன், ஆனா அந்தச் சொல் வேற வேலைக்குப் போயிடுச்சு. பழைய பத்திரிகைப் பக்கங்களையும் போட்டோக்களையும் தேடித் தொகுத்தா அதைக் காலப்பெட்டகம்னு சொல்றது பழகிப்போச்சு, அது இங்கேருந்து பின்னாடி பாக்கற வேலை. டைம் கேப்ஸ்யூல் முன்னாடி பாக்கறது, இன்னும் பொறக்காத ஒருத்தருக்கு அனுப்பறது. அதுவும் போக, பெட்டகம்னா நகையோ பத்திரமோ வச்சிட்டு சொந்தக்காரரே எப்ப வேணும்னாலும் திறந்து எடுக்கறது. இதுல வைக்கறவர் வேற, திறக்கறவர் வேற. பேழைன்னா மூடி அனுப்பினது, நோவாவின் பேழைன்னு சொல்றப்பவே இந்த உலகத்துலேருந்து எடுத்து அடுத்த உலகத்துக்குக் கொண்டுபோறதுங்கற அர்த்தம் அதுக்குள்ள இருக்கு. ஈமப்பேழையை ஞாபகப்படுத்துதேன்னு சிலர் தயங்கறாங்க, தயங்கத் தேவையில்ல, ஒரு சொல்லுக்கு ரெண்டு இடத்துல வேலை இருக்கலாம்.

1977ல வாயேஜர் விண்கலத்துல, வேற்றுலகத்தவங்க யாராவது கேக்கட்டும்னு பூமியோட ஒலிகளைப் பதிஞ்சு அனுப்பின தங்கத்தட்டு பெட்டியே இல்லையே, அதை எப்படிப் பேழைங்கறதுன்னு கேப்பாங்க. அந்தத் தட்டு ஒரு அலுமினிய உறைக்குள்ள இருக்கு, தட்டை எப்படி ஓட்டிக் கேக்கறதுன்னு அந்த உறைமேலதான் படமா வரைஞ்சிருக்காங்க. உள்ள இருக்கறதை விட வெளிய வரைஞ்சதுலதான் டிசைனரோட மூளை முழுசா தெரியுது, ஏன்னா மொழியே தெரியாதவங்களுக்குப் புரியணும். வெஸ்டிங்ஹவுஸ்காரங்களும் இதே கவலையில, 6939ல இங்கிலீஷ் யாருக்கும் தெரியாம போகலாம்னு, எந்த ஒலி வாயில எங்க பிறக்குதுன்னு படம் போட்டு, பேழையைப் பத்தின பதிவுப் புத்தகத்துல அச்சடிச்சு நூலகங்களுக்கு அனுப்பி வச்சாங்க. நம்ம இலக்கணத்துல பிறப்பியல் செய்யற வேலை அது!

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1974லேருந்து கடிதம், பத்திரிகைத் துணுக்கு, போட்டோன்னு கையில வந்ததையெல்லாம் அட்டைப்பெட்டியில போட்டு ஒட்டி அடுக்கி வச்சார், 600க்கு மேல இருக்கு. பேர் டைம் கேப்ஸ்யூல்ஸ். இதையும் பேழைகள்னே சொல்லலாம். ஆனா நார்வேயில கேட்டி பேட்டர்சன்ங்கற கலைஞர் 2014ல ஆரம்பிச்ச எதிர்கால நூலகம் வேற மாதிரி. ஆயிரம் மரக்கன்று நட்டு, வருஷத்துக்கு ஒரு எழுத்தாளர் கையெழுத்துப் பிரதி கொடுத்து, 2114ல அந்த மரத்துல செஞ்ச காகிதத்துல அச்சடிக்கறது. பிரதிகளைப் பூட்டி வச்சிருந்தாலும், வளர்ற காட்டை மூடி வைக்க முடியாது, அதனால அதைக் காலப்பேழைன்னு எழுதாதீங்க. ஆங்கிலக் கட்டுரையில அப்படி எழுதியிருந்தாலும் மொழிபெயர்ப்பாளர் அப்படியே இறக்கணும்னு கட்டாயமில்ல, அங்க என்ன நடக்குதுன்னு பாத்துட்டு எழுதுங்க. எழுதறப்ப நடுவுல ப் போட்டு காலப்பேழைன்னு ஒரே சொல்லா எழுதுங்க, "கால பேழை"ன்னு உடைக்காதீங்க.