ஈகோபூஸ்ட் எஞ்சினின் ஆயுள் ஆயிலில் இருக்கிறது

ஃபோர்டு ஈகோஸ்போர்ட் இந்தியாவில் 2013 ஜூனில் விற்பனைக்கு வந்தது. மறைமலை நகர் ஆலையில் தயாரான அந்தச் சின்ன எஸ்யூவிக்கு இரண்டு பெட்ரோல் எஞ்சின்கள். ஒன்று 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது. 112 பிஎஸ் திறன், 140 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் இழுவிசை). இன்னொன்று 999 சிசி, மூன்றே சிலிண்டர், டர்போ உள்ள ஈகோபூஸ்ட். 125 பிஎஸ், 170 நியூட்டன் மீட்டர். கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு குறைவான எஞ்சின்தான் அதிகம் இழுத்தது. அதன் அடிப்பாகம் ஒரு ஏ4 தாளுக்குள் அடங்கிவிடும் என்று ஃபோர்டு பெருமையாகச் சொன்னது. 2012 முதல் 2014 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள், உலகின் சிறந்த எஞ்சினுக்கான விருதும் அதற்கே கிடைத்தது.

அந்தப் பாராட்டுக்கு அது தகுதியானது என்றுதான் நினைக்கிறேன். மூன்று சிலிண்டர் எஞ்சின் இயல்பாகவே குலுங்கும். அதை அடக்கப் பலரும் தனியாக ஒரு சமன்படுத்தும் தண்டு வைப்பார்கள். ஃபோர்டு பொறியாளர்கள் எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலையும் முன்பக்க புல்லியையும் வேண்டுமென்றே ஒரு பக்கம் கனமாக்கி, எஞ்சினின் குலுக்கலுக்கு எதிராக அவற்றைக் குலுங்க வைத்தார்கள். கூடுதல் உறுப்பு எதுவும் இல்லாமலே அதிர்வு குறைந்தது.

சரி, கூடுதல் இழுவை எங்கிருந்து வருகிறது? ஒரு சிலிண்டரில் எவ்வளவு பெட்ரோலை எரிக்கலாம் என்பதை அதற்குள் இருக்கும் காற்றின் அளவுதான் முடிவு செய்கிறது. டர்போ இல்லாத எஞ்சினுக்கு, வெளிக்காற்றின் அழுத்தத்தில் தானாக வந்து நிரம்புவது மட்டுமே கிடைக்கும். டர்போவில், வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்துகிறது. அழுத்தியதில் சூடான காற்று இன்டர்கூலரில் ஆறி சிலிண்டருக்குள் போகிறது. ஈகோபூஸ்டின் டர்போ மிகச் சிறியது, அதனால் சட்டென்று வேகமெடுக்கும். நிமிடத்துக்கு 2,48,000 சுற்றுகள் வரை போகும். முழு டார்க்கும் 1,400 முதல் 4,500 சுற்றுகள் வரை சீராகக் கிடைக்கிறது. 1.5 லிட்டர் எஞ்சினில் உச்ச டார்க் வருவதற்கே 4,400 சுற்றுகள் வேண்டும். மேட்டில் ஏறும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

டார்க்கையும் கொள்ளளவையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால், 1.5 லிட்டர் எஞ்சினின் பிஸ்டன் மீது சராசரியாக 12 பாருக்குச் சற்றுக் குறைவான அழுத்தம் விழுகிறது (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்). ஈகோபூஸ்டில் அது 21 பாரைத் தாண்டுகிறது. ஏறக்குறைய இரு மடங்கு பாரத்தைச் சின்ன உடம்பில் தாங்குகிறது என்றால், அந்தப் பாரத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே இருப்பது மெல்லிய ஆயில் படலம்தான்.

டர்போவின் தண்டு புஷ்ஷுக்குள் உலோகத்தின் மேல் உரசி ஓடுவதில்லை, ஆயிலில் மிதந்து சுழல்கிறது. பெட்ரோல் டர்போ எஞ்சினின் புகை 1,000 டிகிரி செல்சியஸை நெருங்கக்கூடும். இந்த எஞ்சினில் புகைக்குழாயின் முதல் பகுதியை சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்த்து, சுற்றிலும் கூலன்ட் ஓட வைத்துச் சூட்டைக் குறைத்திருக்கிறார்கள். அப்படியும் வேகமாக ஓட்டி வந்து உடனே சாவியைத் திருப்பினால், ஓட்டம் நின்ற ஆயில் சூட்டில் கருகிக் கரியாகப் படியும். நெடுஞ்சாலையில் விரட்டி வந்தாலோ மலை ஏறி வந்தாலோ ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணைப்பது நல்லது. ஊருக்குள் மெதுவாக வந்து நிறுத்தும்போது அது தேவையில்லை.

இந்த எஞ்சினுக்கே உரிய பலவீனம் வேறொன்று. வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டைச் சுழற்றும் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. ஆயில் பம்பைச் சுழற்றும் பெல்ட்டும் அப்படித்தான். உராய்வும் சத்தமும் குறையும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆனால் ரப்பர் கலந்த பெல்ட் நல்ல ஆயிலில்தான் நீடிக்கும். இந்த எஞ்சினில் பெட்ரோல் நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அதில் கொஞ்சம் சுவரில் ஒட்டி, பிஸ்டன் ரிங் வழியாக ஆயிலில் இறங்கும். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் ஆயில் முழுதாகச் சூடேறாது; இறங்கிய பெட்ரோல் ஆவியாக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும். அந்த ஆயிலில் ஊறும் பெல்ட் உப்பி, வெடித்து, துகள் துகளாக உதிரும். துகள்கள் ஆயில் பம்பின் வடிகட்டியை அடைக்கும். அழுத்தம் குறைந்ததும் முதலில் அடிபடுவது டர்போ, அப்புறம் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்டின் பேரிங்குகள்.

பெல்ட் கெடாவிட்டாலும் அதைச் சார்ந்த உறுப்பு கெடலாம். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் இதே 1 லிட்டர் ஈகோபூஸ்ட் உள்ள ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் கார்கள் ஏறத்தாழ 1.39 லட்சத்தை ஃபோர்டு திரும்ப அழைத்தது. ஆயில் பம்ப் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உடைந்து, ஆயில் அழுத்தம் இல்லாமல் போகிறது என்பதே காரணம்.

ஆகவே பராமரிப்பில் முதல் இடம் ஆயிலுக்கு. நம் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது என்று சில மெக்கானிக்குகள் 20டபிள்யூ-50 ஊற்றப் பார்ப்பார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். பழைய தளர்ந்த எஞ்சின்களுக்கு ஏற்ற யோசனை அது. இந்த எஞ்சினின் உறுப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் நீர்த்த 5டபிள்யூ-20 ஆயிலைக் கருதி வடிவமைக்கப்பட்டவை. கையேட்டில் உள்ள ஃபோர்டு தரக்குறியீடு கேனின் மேல் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். வண்டி பெரும்பாலும் குறுகிய தூரமே ஓடுகிறது என்றால், கிலோமீட்டர் கணக்கை நம்பிக் காத்திருக்காமல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றுவதையே நான் சொல்வேன். டிப்ஸ்டிக்கை அவ்வப்போது உருவிப் பாருங்கள். ஊற்றியதைவிட மட்டம் ஏறியிருந்து, பெட்ரோல் வாடையும் அடித்தால் உடனே மாற்றிவிட வேண்டும்.

ஓட்டுவதிலும் ஒரு கவனம் வேண்டும். டார்க் 1,400 சுற்றுகளிலேயே கிடைக்கிறதே என்று, மேல் கியரில் ஊர்ந்துகொண்டு ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கக் கூடாது. அந்த நிலையில் ஆயில் துளியோ கரித்துகளோ தீப்பொறி வரும் முன்பே கலவையைப் பற்ற வைத்துவிடலாம். கடுமையாக நடந்தால் பிஸ்டனே உடையும். கேனில் ஏபிஐ எஸ்பி (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனத்தின் தரக்குறியீடு) என்று போட்ட ஆயில்கள் இந்த ஆபத்தைக் குறைக்கும் சோதனையில் தேறியவை, ஆனாலும் ஒரு கியர் குறைத்துவிட்டு மிதிப்பதே பாதுகாப்பு.

டைமிங் பெல்ட்டுக்கு ஐரோப்பாவில் ஃபோர்டு கொடுத்த கெடு 10 ஆண்டுகள் அல்லது 2,40,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. பெல்ட்டை அத்தனை நாள் விட்டுவைக்க எனக்கு மனம் வராது. 2013, 2014-இல் வாங்கிய வண்டிகள் அந்தப் பத்து ஆண்டுகளையும் தாண்டிவிட்டன. அப்படி ஒன்றை வைத்திருந்தாலோ செகண்ட் ஹேண்டில் வாங்கினாலோ, ஓடிய தூரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இரண்டு பெல்ட்டுகளையும் டென்ஷனரையும் மாற்றி, ஆயில் தேங்கும் அடித்தட்டான சம்பைக் கழற்றி வடிகட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அடுத்த பட்டறை வரை போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியைத் தூக்கிச் செல்ல ஆளைக் கூப்பிடுங்கள்.