வளைய வேண்டிய இடத்தில் வளையம்

குதிரைமேல் இருந்து போரிடுகிறவனுக்குக் கவசம் செய்வது லேசான வேலை இல்லை. உடம்பு முழுக்க இரும்புத் தகடு போர்த்தினால் அம்பு நுழையாது. ஆனால் சேணத்தில் உட்கார்ந்தபடியே இடுப்பைத் திருப்பி, பின்னால் துரத்தி வருகிறவன்மேல் அம்பு விடவும் முடியாது. சின்ன இரும்பு வளையங்களைக் கோத்துப் பின்னிய வளையச் சட்டை போட்டால் உடம்பு நன்றாகத் திரும்பும். கூர்முனைக்குத்தான் அது தாங்காது. முகலாயர் காலத்துக் கொல்லர்கள் இரண்டையும் சேர்த்து ஒரே சட்டையாகப் பின்னினார்கள். அதன் பெயர் 'ஸிரா பாக்தர்'.

முதலில் வளையத்தைப் பார்ப்போம். கம்பியைத் தடியில் சுற்றி வளையங்களாக வெட்டுவார்கள். இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தட்டித் தட்டையாக்கி, துளை போட்டு, தட்டி இறுக்கும் பொடி ஆணியான ரிவிட் ஒன்றை அடித்து மூடுவார்கள். ஒவ்வொரு வளையமும் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு வளையங்களைப் பிடித்திருக்கும். பல இந்தியச் சட்டைகளில் ஒரு வரிசை ரிவிட் வளையம், அடுத்த வரிசை வாயே இல்லாத முழு வளையம். முழு வளையத்தைத் தொடும் நான்குமே ரிவிட் வளையங்கள் என்பதால் கோப்பதில் சிக்கல் வராது. ஆயிரக்கணக்கான வளையங்களில் பாதிக்கு ரிவிட் அடிக்கும் வேலை மிச்சம், பலமும் குறைவதில்லை. எனக்கு இந்தக் கவசத்தில் மிகவும் பிடித்த நுட்பம் இதுதான்.

வாள்வெட்டு விழும்போது அதன் வேகத்தைப் பல வளையங்கள் பங்கிட்டுக்கொள்ளும். அம்பின் முனையோ ஒரே வளையத்துக்குள் புகுந்து ரிவிட்டைத் தெறிக்க வைக்கப் பார்க்கும். வளையச் சட்டையைத் துளைப்பதற்கென்றே தடித்த முனையுள்ள குத்துவாள்களும் இருந்தன. அதனால்தான் நெஞ்சிலும் வயிற்றிலும் பெரிய தகடுகள். விலாவிலும் முதுகிலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் சிறு தகடுகள். தகட்டின் ஓரத்துத் துளைகளில் வளையங்கள் நேராகவே கோக்கப்பட்டிருக்கும். உடம்பு திரும்பும்போது தகடுகளுக்கு நடுவே உள்ள வளையங்கள் நெளிந்துகொடுக்கும். வில் இழுக்கும் தோளிலும் அக்குளிலும் தகடே கிடையாது, வெறும் வளையம்தான். அடியின் அதிர்ச்சி எலும்புக்குப் போகாமல் இருக்க, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த அங்கி.

இன்று அருங்காட்சியகங்களில் இருக்கும் இத்தகைய கவசங்கள் பலவற்றின் வழி ஆந்திராவின் ஆதோனிக் கோட்டைக்குப் போகிறது. ஔரங்கசீப்பின் படையோடு வந்த, ராஜஸ்தானின் பிக்கானேர் அரசர் அனூப் சிங் 1689-இல் அங்கே கைப்பற்றியவை அவை. புள்ளி புள்ளியாகக் குத்திய தேவநாகரி எழுத்துகளை இன்றும் சிலவற்றின் தகட்டில் பார்க்கலாம்.

இதே முறையில் யானைக்கும் கவசம் செய்தார்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் உள்ள ஒன்றில் 5,840 தகடுகள் மிஞ்சியிருக்கின்றன. எடை 118 கிலோ.

19-ஆம் நூற்றாண்டுச் சட்டைகள் பலவற்றில் பித்தளை, செம்பு வளையங்களைக் கலந்து கோலம்போல அழகாகப் பின்னியிருப்பார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு அருகே குனிந்து பாருங்கள். அந்த வளையங்களில் ரிவிட் இருக்காது, முனைகள் சும்மா முட்டிக்கொண்டு நிற்கும். அவை ஊர்வலத்துக்குப் போட்டவை.