கார்டு எல்லோருக்கும் ஒன்றுதானே, அப்புறம் என்ன?

அமெரிக்காவில் நான் வேலை பார்க்கும் இடத்தில் இந்த வாரமும் ஒரு ஃபைலில் அதே வரி: "நோயாளி ஒத்துழைப்பதில்லை." 78 வயது கறுப்பின அம்மாள், முழங்கால் தேய்ந்து தடியில்லாமல் நடக்க முடியாது, எலும்பு டாக்டரிடம் அனுப்பியும் போகவில்லையாம். ஏன் போகவில்லை என்று அந்த ஃபைலைத் தொட்ட ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் கேட்டேன். இரண்டு பஸ் மாற வேண்டும், தன் பங்குப் பணம் கட்ட முடியாது, போன தடவை போனபோது வலியை யாரும் நம்பவில்லை என்றார். இதுவா ஒத்துழையாமை?

இங்கே 65 வயதானால் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டு கார்டு வந்துவிடும், பிறகு வெள்ளையர் என்ன, கறுப்பர் என்ன என்று சக டாக்டர்களே பேசுகிறார்கள். சரி, கார்டு ஒன்றுதான். ஆனால் வழக்கமான மெடிகேரில் டாக்டர் பில்லில் 20 சதவீதம் நோயாளி தலையில். அதை ஏற்கத் துணை இன்சூரன்ஸ் வேண்டும். வாழ்நாள் முழுக்கக் குறைந்த சம்பளம் வாங்கியவர் அதற்கு எங்கே போவார்? காது மெஷின், பல் வைத்தியம் பெரும்பாலும் கணக்கிலேயே கிடையாது. 1966இல் மெடிகேர் பணம் வேண்டுமென்றால் இனப் பிரிவினை கூடாது என்று அரசு சொன்ன பிறகுதான் தெற்கே பல ஆஸ்பத்திரிகள் தனி வார்டுகளை மூடின. இன்று 80 வயதானவருக்கு அப்போது இருபது வயது. தெற்கே அலபாமா மாநிலத்து டஸ்கீகியில், சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் வந்த கறுப்பின ஆண்களுக்கு அரசு ஆய்வு என்ற பெயரில், பென்சிலின் இருந்தும், 1972 வரை வைத்தியம் தராமல் வேடிக்கை பார்த்ததும் அவர் காலத்தில்தான். நம்பிக்கை எப்படி வரும்?

குறைவாக வருகிறார் என்றால் நோய் குறைவு என்று அர்த்தமில்லை. சிகிச்சைச் செலவு குறைவு என்றால் நோயும் குறைவு என்று கணித்த ஒரு மென்பொருள் கறுப்பின நோயாளிகளின் தேவையைக் குறைத்துக் காட்டியது 2019இல் வெளிவந்தது. கம்ப்யூட்டரைத் திட்டிப் பயனில்லை, நாமும் அதே கணக்கைத்தான் போடுகிறோம்.

ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்ட விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் அப்படித்தான். 92 முதல் 96 வரை காட்டியபோது, ரத்தத்தில் எடுத்துப் பார்த்தால் உண்மையில் 88க்கும் கீழே இருந்தவர்கள் கறுப்பினத்தவரில் சுமார் 12 சதவீதம், வெள்ளையரில் 4க்கும் குறைவு. இது 2020 ஆய்வு. எண் நன்றாக இருக்கிறது என்று மூச்சு வாங்குபவரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். தமனி ரத்தம் எடுங்கள்.

வரவில்லை என்று எழுதும் முன் ஒரு போன் போடுங்கள். ஸ்பானிஷ் பேசும் தாத்தாவுக்குப் பேரனை மொழிபெயர்க்க விடாதீர்கள், இலவச மொழிபெயர்ப்பாளர் சட்டப்படி அவர் உரிமை. வீட்டில் இருப்பவர்களே, தயவுசெய்து டாக்டர் அறைக்குள் கூடவே வாருங்கள். வலி என்று அவர் சொன்னதை ஃபைலில் எழுதச் சொல்லி, எழுதும்வரை எழுந்திருக்காதீர்கள்.