மூன்று குரல், ஒரு பேண்ட்: கூடப் பாடுவதற்கு முன்

சிறு ஜாஸ் குழு ஒன்றில் மேல் ஸ்தாயி பாடுகிற பெண் ஒருவர், குரல் கம்மிப்போய் என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். எதைக் கேட்டுப் பழகுகிறீர்கள் என்றேன். 'சிங் எ சாங் ஆஃப் பேஸி' என்றார். எனக்கும் உயிரான ஆல்பம் அது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் கவுன்ட் பேஸி நடத்திய பேண்டின் டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் வாசிப்பையெல்லாம் வார்த்தை போட்டுப் பாடிய ஆல்பம். பாடியவர்கள் டேவ் லாம்பர்ட், ஜான் ஹென்ட்ரிக்ஸ், ஆனி ராஸ். கேட்டால் ஒரு கூட்டமே பாடுவது போலிருக்கும். 1957இல் நியூயார்க்கில் முதலில் ஒரு கோரஸ் குழுவை வைத்துத்தான் முயன்றார்கள். அவர்களுக்கு ஸ்விங் என்கிற ஜாஸின் துள்ளல் தாள நடை பிடிபடவில்லை. அப்புறம் மூவரும் தங்கள் குரல்களையே ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிவு செய்து அடுக்கினார்கள். அதாவது, நாம் கேட்கும் அந்தப் பெருமுழக்கம் மூன்று தொண்டைகள் ஒரே மூச்சில் எழுப்பியது இல்லை.

இந்தப் பெண்ணின் குழுவோ நாலே பேர். ரெக்கார்டின் கனம் வரவேண்டும் என்று எல்லோரும் அழுத்திப் பாடியிருக்கிறார்கள். பக்கத்துச் சத்தத்தில் தன் குரல் காதில் விழாவிட்டால் நாம் அறியாமலே சத்தத்தைக் கூட்டிவிடுவோம். மேல் ஸ்தாயி ஸட்ஜத்தை டிரம்பெட் மாதிரி பாடும்போது குரல் நாண்கள் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. அதையே அழுத்தத்தோடு தினமும் செய்தால் வீக்கம் வரும், நாளடைவில் காய்ப்பு போல முடிச்சும் விழும்.

அவருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: ஒத்திகையில் மைக் வையுங்கள், உங்கள் குரல் உங்களுக்கே திரும்பக் கேட்க ஒரு மானிட்டர் வேண்டும். சுருதியை இறக்குங்கள், ஆனி ராஸின் ஸ்தாயி உங்களுக்கும் அமைய வேண்டும் என்று கட்டாயமில்லை. பாடுவதற்கு முன் ஸ்ட்ராவை வாயில் வைத்து மெல்ல 'ஊ' என்று ஐந்து நிமிடம் இழுங்கள். குரல் கம்மினால் கிசுகிசுத்துப் பேசாதீர்கள், அதுவும் உழைப்புதான். பேசாமல் இருங்கள், தண்ணீர் குடியுங்கள்.

கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் கஷாயம், மிளகு என்று நாளைக் கடத்தாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் ஸ்கோப் (தொண்டைக்குள் பார்க்கும் சிறு கேமரா) வைத்துப் பார்த்துவிடுங்கள். இவர் வந்ததே மூன்றாவது மாதத்தில்தான்.